தாம்பூலப் பையில் வைத்த புத்தகம்

அந்தக் கவரை மடியில வெச்சுக்கிடுங்க தம்பி. ஜன்னல் காத்துக்குப் பறந்துரும். என்னது அது, காலண்டரா? இருக்கட்டும், இருக்கட்டும். கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுனீங்கன்னா நானும் சாஞ்சு உக்காருவேன். இடுப்புல ஒரு சாமான் செருகி வெச்சிருக்கேன், குத்துது. என்ன சாமான்னு பொறவு சொல்லுதேன்.

கோவில்பட்டிக்குத்தான? நானும் அங்கதான். அப்ப ஒரு மணி நேரம் இருக்கு நமக்கு.

செல்லுல என்ன பாக்கீங்க? படிக்கீங்களா, சும்மா தள்ளிக்கிட்டே இருக்கீங்களா? தப்பா எடுத்துக்கிடாதீங்க. யாரைப் பாத்தாலும் எனக்கு முதல்ல வாயில வாரது அதுதான், என்ன படிக்கீங்கன்னு. சங்கரன்கோவில்ல எங்க தெருவுல நான் வாரதைக் கண்டா எதிர்ல வாரவன் சைக்கிளைத் திருப்பிருவான். டீக்கடை பெஞ்சுல போயி உக்காந்தா பக்கத்துல இருக்கவன் டீயை ஆத்தாம மடக்குன்னு ஊத்திக்கிட்டு எந்திரிச்சிருவான், நாக்கு வெந்தாலும் பரவால்லன்னு. எனக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியாத மாதிரி இருந்துக்கிடுதது. பஸ்ஸுன்னா அந்தத் தொல்லை இல்ல. ஓடுத பஸ்ஸுல இருந்து யாரும் குதிக்க முடியாதுல்லா. சிரிக்கீங்க. சிரிங்க, சிரிங்க.

பேரு ஆவுடையப்பன். கரண்டு ஆபீஸுல வேலை, சப்-ஸ்டேஷன் ஆபரேட்டர். ஊருக்கு வெளிய, கருவேலங்காட்டுக்கு நடுவுல ஒரு ரூம்பு. மணிக்கொரு தரம் எந்திரிச்சு மீட்டரைப் பாத்து நோட்டுல எழுதணும். மத்த நேரம் ஆளு கிடையாது, பேச்சு கிடையாது. டிரான்ஸ்பார்மர் ம்ம்ம்னு அதுபாட்டுக்கு மொணங்கிக்கிட்டுக் கெடக்கும். முப்பத்தொரு வருஷம் தம்பி. புத்தகம் இல்லன்னா நான் அந்த டிரான்ஸ்பார்மர்கிட்டப் பேச ஆரம்பிச்சிருப்பேன். அப்படிப் படிச்சதுல இருந்து சலிச்சுச் சலிச்சு ஒரு பதினாறு எடுத்து வெச்சிருக்கேன். எல்லாரும் படிக்கணும். படிச்சவன், படிக்காதவன், கடை வெச்சிருக்கவன், கட்டை வண்டி ஓட்டுதவன், எல்லாரும். பேரு மட்டும் சொல்ல மாட்டேன். பேரைச் சொன்னா இப்ப உள்ள ஆளுக அங்கனயே செல்லுல தட்டி, அட்டைப்படத்தைப் பாத்துட்டு, ஆச்சுன்னு விட்டுருதாங்க. கதையைச் சொல்லுவேன். அப்பதான் தேடி வருவாங்க. யாரும் வரல இதுவரைக்கும், அது வேற விஷயம்.

ஒரு ஆத்தோட ரெண்டு கரையிலயும் நடந்தே போன ஒரு ஆளு எழுதுனது ஒண்ணு இருக்கு. மலையில இருந்து கடல் வரைக்கும் ஒரு கரையில போயி, மறுகரையில திரும்பி வந்திருக்கான். போகும்போது பாத்த ஊரெல்லாம் திரும்பி வரும்போது வேற ஊரா இருக்கு அவனுக்கு. அதைப் படிச்சிட்டு நான் மூணு நாள் எங்க தெருவையே அந்தப் பக்கம் இருந்து இந்தப் பக்கமா நடந்து பாத்தேன். பொறவு, கலங்கரை விளக்கத்துல வேலை பாத்த ஒருத்தரு தன் தம்பிக்கு எழுதுன கடுதாசி எல்லாம் சேத்து ஒண்ணு. அந்தத் தம்பி ஒரு கடுதாசிக்குக்கூட பதில் போடல. இருந்தும் எழுதிக்கிட்டே இருக்காரு மனுஷன். எனக்கு ரொம்பப் பிடிச்சது அது. உங்களுக்கும்... என்ன? ஏதோ சொல்ல வந்தீங்க. இருங்க, ஒண்ணாம் நம்பரைச் சொல்லிருதேன், பொறவு நீங்க சொல்லுங்க.

பட்டியல்ல ஒண்ணாம் நம்பரு, அதான் இப்ப என் இடுப்புல இருக்கது. ஆமா, வேட்டி மடிப்புக்குள்ள. ஏன் அங்க வெச்சிருக்கேன்னா, அதுக்கு முதல்ல இருந்து வரணும்.

எனக்கு ஒரே பொண்ணு. உலகேஸ்வரி. உலகுன்னு கூப்பிடுவோம். அவளுக்கு நாலு வருஷத்துக்கு முன்னால கல்யாணம். மாப்பிள்ளை கோவில்பட்டியில லேத்துப் பட்டறை வெச்சிருக்காரு, வேல்ராஜுன்னு பேரு, தங்கமான மனுஷன். கல்யாணம் எங்க ஊருலதான். அப்ப எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. வந்தவங்களுக்குத் தாம்பூலப் பை குடுப்போம்லா, வெத்தலை பாக்கு, மஞ்சள் குங்குமம், ஒரு தேங்காய். அந்தத் தேங்காய் என்ன ஆகும்? ரெண்டு நாள்ல சட்னியாப் போயிரும். அதுக்குப் பதிலா ஆளுக்கு ஒரு புத்தகம் வெச்சா? பேரன் பேத்தி வரைக்கும் வீட்டுல கெடக்கும்லா?

உலகு வேண்டாம்னா. தேங்காயே போதும்பா, எல்லாரும் வைக்கிற மாதிரி வைங்கன்னா. என் தங்கச்சி இசக்கியம்மா, அவதான் அம்மா இல்லாத பிள்ளைக்கு முன்ன நின்னு எல்லாம் செஞ்சவ, அவ தலையில அடிச்சுக்கிட்டா. நான் கேக்கல. முன்னூத்தம்பது புத்தகம் வரவழைச்சேன். தேங்காயை எடுத்துட்டு அந்த எடத்துல ஒண்ணாம் நம்பரை வெச்சேன். அன்னைக்குக் காலையில நான் மேடையிலயே நிக்கல தம்பி. வாசல்ல நின்னு ஒவ்வொரு பையையும் என் கையாலதான் குடுத்தேன். படிங்க, படிச்சிட்டுச் சொல்லுங்கன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன். போட்டோ எடுக்க ரெண்டு தரம் ஆள் விட்டாங்க. இந்தா வாரேன், இந்தா வாரேன்னு நின்னுட்டேன். ஆல்பத்துல நான் கெடையாது. என்ன இப்ப? போட்டோதான.

மாப்பிள்ளையோட பெரியம்மா, முதல் பந்தியில சாப்பிட்டு வந்து, பையை வாங்கிக்கிட்டு, ஃபேனுக்கு அடியில உக்காந்து புத்தகத்தைப் பிரிச்சிருக்காவ. முதல் வரியைச் சத்தமாப் படிச்சிருக்காவ. அந்த முதல் வரி எனக்குத் தலைகீழாத் தெரியும். 'மனைவி இறந்து மூன்றாம் நாள்தான், உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்பது தனக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரிந்தது.' எப்படி ஒரு ஆரம்பம் பாருங்க. படிச்சவன் கீழ வைக்க முடியுமா?

அவங்க கீழ வெச்சிட்டாங்க.

"தாலி கட்டி அரை மணி நேரம் ஆகல. பொண்ணைப் பெத்தவரு பை பையா எழவு வீட்டைக் கட்டிக் குடுத்திருக்காரு." மண்டபம் முழுக்கக் கேக்குத மாதிரி சொன்னாவ. அவ்வளவுதான். வாங்குனவங்க எல்லாம் புத்தகத்தை மட்டும் உருவி நாற்காலிக்கு அடியில வெச்சிட்டு, பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. நான் ஓடி ஓடிச் சொல்லுதேன். அம்மா, அது எழவுக் கதை இல்லம்மா, ஏழாவது அத்தியாயத்துல அந்த மனுஷன் முதல் தடவையா ரசம் வைப்பாரு பாருங்க, இருபத்திரண்டாவதுல பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சோறு போடுவாரு பாருங்க, முதல் பக்கத்தோட நிறுத்துனா எப்படின்னு. யாரு காதுலயும் ஏறல. எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கல தம்பி. ஒரு பக்கம். முழுசா ஒரு பக்கம்கூட இல்ல, ஒரு வரி. அதோட ஒரு மனுஷன் கதையை மூடிருதாங்க.

உலகு என்ன செஞ்சா தெரியுமா? கல்யாணப் பட்டோட, மாலையோட, குனிஞ்சு குனிஞ்சு நாற்காலிக்கு அடியில கெடந்ததை எல்லாம் பொறுக்குனா. மாமியார் வீட்டு ஆளுக எல்லாம் பாத்துக்கிட்டு நிக்காங்க, இவ ஒவ்வொண்ணாப் பொறுக்கி மேடைக்குப் பின்னால கொண்டு அடுக்குதா. கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு, ஹோமப் புகை. எனக்குப் பெருமை தாங்கல. என் பொண்ணுக்குல்லா தெரியுது புத்தகத்தோட மரியாதைன்னு பக்கத்துல நின்னவர்கிட்டச் சொன்னேன்.

செல்லு அடிக்குது தம்பி உங்களுக்கு. எடுக்கலையா? அணைச்சிட்டீங்களா? நல்லது. பேச்சு நடுவுல அறுந்து போச்சுன்னா எனக்குப் பொறவு கோர்வை வராது.

நீங்க நெனைக்கலாம், கல்யாணத்துல போயி இந்தக் கதையைக் குடுப்பானா ஒருத்தன்னு. எல்லாரும் அப்படித்தான் கேட்டாங்க. நான் யாருக்கும் காரணம் சொல்லல. உங்ககிட்டச் சொல்லுதேன், நீங்க கோவில்பட்டியோட போயிருவீங்க. என் வீட்டுக்காரி செண்பகவல்லி மூணே நாள் காய்ச்சல்ல போயிட்டா. உலகு அப்ப பத்தாங்கிளாஸ். பதினாறாம் நாள் விசேஷம் முடிஞ்சு நான் டூட்டிக்குப் போயிட்டேன். வீட்டுல இருக்க முடியல. அங்க அந்த ரூம்புல உக்காந்து இந்தப் புத்தகத்தை நாலு தரம் படிச்சேன். எனக்கும் தெரியாதுல்லா தம்பி, உப்பு டப்பா எங்க இருக்குன்னு. கடுகு எது, கசகசா எதுன்னு தெரியாது. அந்தப் புத்தகத்துல இருக்க மனுஷன் ஒவ்வொரு டப்பாவாத் திறந்து மோந்து பாப்பாரு. நானும் மோந்து பாத்தேன். அதுதான் என்னைய உசுரோட வெச்சிருந்துச்சு. பிள்ளை கல்யாணத்துல அவ இல்ல. அவ எடத்துல எதையாவது வைக்கணும்னு இருந்துச்சு எனக்கு. தேங்காய் அவளாகுமா? சொல்லுங்க.

இல்ல, உலகுகிட்ட இதைச் சொன்னதில்ல. அவ அம்மா பேச்சை எடுத்தாலே நான் எந்திரிச்சு வெளிய போயிருவேன். அதான் அவ அம்மா செத்த புதுசுலயே அந்தப் புத்தகத்தை அவ கையில குடுத்தேன். நான் சொல்லுததை விட அது நல்லாச் சொல்லும்னு. தலைமாட்டுல வெச்சுக்கிட்டுப் படுத்தா. ஒரு வாரம் கழிச்சுத் திருப்பித் தந்தா. பத்துப் பதினஞ்சு பக்கம் நனைஞ்சு உப்பிப் போயிருந்துச்சு. புத்தகத்து மேல தண்ணியக் கொட்டுவியா ஏட்டின்னு வைதேன். அவ எப்பவுமே அதிகம் பேச மாட்டா. என்னைய மாதிரி இல்ல.

கழுகுமலை வந்துட்டு. அந்தா பாருங்க மலை. டிரைவர் இங்க டீ குடிக்க நிப்பாட்டுவாரு. நீங்க எறங்கணுமா? வேண்டாம், உக்காருங்க, முக்கியமான எடம் இனிமேத்தான் வருது.

கல்யாணம் முடிஞ்சு ரெண்டரை வருஷம். வாரத்துக்கு ஒரு தரம் போன் பண்ணுவா, நானும் இந்த வாரம் என்ன படிச்சேன்னு சொல்லுவேன். நல்லாத்தான் போயிக்கிட்டு இருந்துச்சு. பதினாலு மாசத்துக்கு முன்னால ஒரு நாள் மத்தியானம் போன் வருது. அப்பா, ஆஸ்பத்திரியில இருந்து இப்பதான் வீட்டுக்கு வந்தேன், மூணு மாசம்பா, தங்கலப்பான்னா. உண்டாயிருந்ததே எனக்குத் தெரியாது. மூணு மாசம் முடிஞ்சதும் நேர்ல வந்து சொல்லலாம்னு இருந்தாளாம். அழுதுக்கிட்டே என்னமோ சொல்ல ஆரம்பிச்சா. பெத்த பிள்ளை போனுல அழுதா கேக்க முடியுமா தம்பி? ஒரு மாதிரி ஆயிட்டு எனக்கு. உடனே எனக்கு ஒன்பதாம் நம்பரு ஞாபகத்துக்கு வந்துச்சு. அதுல ஒரு பொம்பளை, இதே மாதிரிதான், பிள்ளை தங்காமப் போயிரும். பத்தொன்பதாவது அத்தியாயத்துல ஒரு நாள் விடியக்காலம் எந்திரிச்சு வாசல் தெளிப்பா. அந்த எடம் இருக்கே, கல்லும் கரையும். உலகு, நீ அழாத, உனக்கு ஒரு புத்தகம் இருக்கு, நாளைக்கே அனுப்புதேன்னேன். பத்தொன்பதாவது அத்தியாயம் வரைக்கும் பொறுத்துப் படின்னேன். கதையையும் சொன்னேன்.

அவ அழுகையை நிப்பாட்டிட்டா. எனக்கு நிம்மதி. பொறவு மெதுவாக் கேட்டா, நீங்க வாரீங்களாப்பான்னு.

நான் போயி என்ன செய்ய? பொம்பளைங்க இருக்க வேண்டிய எடம். எனக்கு என்ன தெரியும்? உன் அத்தையை அனுப்புதேன், நான் புத்தகத்தை அனுப்புதேன், என்னைய விட அது நல்லாப் பேசும்னேன். அதுக்கு அவ சொன்னா பாருங்க.

"நான் இன்னும் சொல்லி முடிக்கலப்பா."

சரி சொல்லுன்னேன். போனை வெச்சிட்டா. சிக்னல் போயிட்டுன்னு நெனச்சேன். மறுநாள் காலையில முதல் ஆளாக் கொரியர் கடைக்குப் போயி புத்தகத்தை அனுப்புனேன், பத்தொன்பதாவது அத்தியாயத்துல ஒரு மயிலிறகு வெச்சு. அஞ்சாம் நாள் அது என் வீட்டுக்கே திரும்பி வந்துட்டு. பிரிக்கவே இல்ல, ஒட்டுன டேப்பு அப்படியே இருக்கு. கொரியர்காரன்தான் தப்பாத் திருப்பிட்டான்னு அவன்கூட ஒரு மல்லுக்கட்டு. அவன் ரசீதைக் காமிக்கான், வாங்க மறுத்துட்டாங்கன்னு எழுதியிருக்கு. அன்னையில இருந்து போன் இல்ல. பதினாலு மாசம். நான் கூப்பிட்டா மாப்பிள்ளைதான் எடுப்பாரு, தூங்குதா மாமாம்பாரு. பகல் பதினோரு மணிக்குத் தூங்குதாளாம். எனக்குத் தெரியும் அவளுக்கு என்ன கோவம்னு. அந்தக் கல்யாணப் புத்தகம்தான். அந்தப் பெரியம்மா வாய் இருக்கே, அது சும்மா இருக்குமா? நாலு வருஷமா சொல்லிச் சொல்லிக் காமிச்சிருப்பாவ. பிள்ளை தங்காததுக்கும் அதுதான் காரணம்னு சொல்லியிருப்பாவ. வேற என்ன இருக்கு? வேற நான் என்ன செஞ்சேன்?

நீங்க ஏன் அப்படிப் பாக்கீங்க? நான் என்ன தப்பாச் சொன்னேன்?

சரி விடுங்க. போன வாரம் மாப்பிள்ளை கூப்பிட்டாரு. உலகுக்கு ஏழாம் மாசம் மாமா, வளைகாப்பு வெச்சிருக்கோம், நீங்க கண்டிப்பா வரணும்னாரு. எனக்கு அழுகையே வந்துட்டு தம்பி. வளைகாப்பு முடிஞ்சா பொண்ணைப் பொறந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம்லா, தலைப் பிரசவம். அதைக் கேட்டேன். அதுக்குச் சொன்னாரு, "வருவாளான்னு தெரியாது மாமா. நீங்களே அவகிட்டக் கேளுங்க. ஒண்ணே ஒண்ணு, புத்தகம் மட்டும் கொண்டு வராதீங்க."

தன்மையாத்தான் சொன்னாரு. ஆனா எனக்கு எப்படி இருக்கும்? குடிகாரன்கிட்டச் சொல்லுத மாதிரில்லா சொல்லுதாரு.

நான் ஒரு வாரமா வீட்டை ஒதுக்கிக்கிட்டு இருக்கேன். அவ அம்மா கட்டில் மேல கெடந்த புத்தகத்தை எல்லாம் எறக்கி, கட்டிலைத் துடைச்சு, புது மெத்தை போட்டு, கொசுவலை கட்டி வெச்சிருக்கேன். பக்கத்து ஸ்டூல்ல பதினாறையும் வரிசையா அடுக்கி வெச்சிருக்கேன். ஒரு நாளைக்கு நாப்பது பக்கம்னு வெச்சாக்கூட, பிள்ளை பொறந்து ஒரு மாசத்துக்குள்ள முடிச்சிரலாம். உப்பு டப்பாவுல 'உப்பு'ன்னு பெருசா எழுதி ஒட்டியிருக்கேன், அவ வந்தா தேட வேண்டாம்லா. எல்லா டப்பாவுலயும் ஒட்டியிருக்கேன். அவ வரலன்னா... வரலன்னா அந்தக் கட்டிலை நான் என்ன செய்ய தம்பி? திரும்பப் புத்தகத்தைத்தான் ஏத்தணும்.

காலையில இசக்கி ஏழு வகைச் சோறும் கட்டிக்கிட்டு வேன்ல கெளம்பிட்டா. கெளம்பும் முன்னால என் பையை வாங்கிக் கொட்டிப் பாத்தா. உள்ள இருந்த நாலு புத்தகத்தையும் எடுத்துப் பரண்ல போட்டா. அண்ணே, உன் காலைப் பிடிச்சுக் கேக்கேன், வெறுங்கையோட வான்னா. வேன்ல எடம் இல்ல, நான் பஸ்ஸுல வாரேன்னேன். எடம் இருந்துச்சு. வேனுக்குள்ள வெச்சு என் இடுப்பைத் தடவிப் பாத்திருவாளோன்னு பயம். அவ அந்தப் பக்கம் போனதும் ஒண்ணாம் நம்பரை எடுத்து மடிப்புல செருகிக்கிட்டேன்.

ஏன்னு கேளுங்க. அவளுக்குக் குடுக்க இல்ல. குடுக்க மாட்டேன், சத்தியமா. எனக்கு அது இல்லாமப் போகப் பயமா இருக்கு. நான் என் பொண்ணுகிட்ட வெறுங்கையோட பேசுனதே இல்ல தம்பி. இப்பதான் பஸ் ஏறும்போது யோசிச்சுப் பாத்தேன். போயி அவ முன்னால நிப்பேன். வளையல் போட்டு, மாலை போட்டு உக்காந்திருப்பா. என்ன கேப்பேன்? நம்ம வீட்டுக்கு வாம்மான்னு எப்படிக் கேப்பேன்? மத்த அப்பன்மாரெல்லாம் என்ன பேசுதாங்க? நீங்க சொல்லுங்க. உங்களுக்கு அம்மா அப்பா இருக்காங்களா? ஊருக்குப் போனா என்ன பேசுவாங்க உங்ககிட்ட? வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்க, நான்தான இவ்வளவு நேரமும் பேசிக்கிட்டு வாரேன்.

என்ன? அம்மாவா? அம்மாவுக்கு என்ன?

அட. இது காலண்டர் இல்லையா. ஸ்கேன் கவரா? இவ்வளவு நேரமா இதையா மடியில வெச்சுக்கிட்டு வாரீங்க? அம்மாவுக்கு எடுத்ததா? அடடா. கவலைப்படாதீங்க தம்பி, மனசை விடாதீங்க. நம்ம பதினாறுல ஒண்ணு இருக்கு, அஞ்சாம் நம்பரு, அம்மாவை ஆஸ்பத்திரியில வெச்சுப் பாத்துக்கிட்ட ஒருத்தன் எழுதுனது. முதல்ல கஷ்டமாத்தான் இருக்கும், பதினோராவது அத்தியாயத்துல அந்த அம்மா ஒரு நாள் எந்திரிச்சு உக்காந்து...

என்ன சொன்னீங்க?

இல்ல, கோவம் இல்ல. திருப்பிச் சொல்லுங்க.

'நான் இன்னும் சொல்லி முடிக்கலைங்க'ன்னா சொன்னீங்க?

அவளும் அதைத்தான் சொன்னா.

இருங்க தம்பி. கொஞ்சம் இருங்க. தண்ணி இருக்கா உங்ககிட்ட? ஒரு மடக்குக் குடுங்க.

அன்னைக்கு அவ என்ன சொல்ல வந்தா? எனக்குத் தெரியாது. பாத்தீங்களா, பதினாலு மாசம் ஆச்சு, எனக்குத் தெரியாது. அந்தப் பத்தொன்பதாவது அத்தியாயம் எத்தனாவது பக்கத்துல ஆரம்பிக்குன்னு தெரியும். அவளுக்கு அன்னைக்கு என்ன ஆச்சு, யாரு கூட இருந்தா, வலிச்சுச்சா, யாராவது ஏதாவது சொன்னாங்களா, ஒண்ணுமே தெரியாது. தங்கலப்பான்னா. அந்த ஒரு வரிதான் கேட்டேன். அதோட நான் என் கதையை ஆரம்பிச்சிட்டேன். அவ அம்மா செத்தப்பவும் அப்படித்தான். தண்ணியக் கொட்டிட்டான்னுல்லா வைதேன். அது தண்ணியா? பத்துப் பக்கத்துக்குத் தண்ணியக் கொட்ட அவ என்ன கைப்பிள்ளையா?

அந்தப் பெரியம்மாவை நாலு வருஷமா வைதுக்கிட்டு இருக்கேன்.

உங்ககூட எவ்வளவு நேரமா வாரேன், நீங்க எத்தனை தரம் வாயைத் திறந்தீங்க? போன் அடிச்சுச்சே, அது வீட்டுல இருந்தா? அம்மாவா கூப்பிட்டாவ? நான்தான் அணைச்சது நல்லதுன்னேன். சவம், என் வாய்.

பாருங்க, இப்பவும் கை தானா இடுப்புக்குப் போகுது. உங்களுக்கு எடுத்துக் குடுக்கத்தான் போகுது. அம்மாவோட ஸ்கேன் படமும் கையுமா உக்காந்திருக்க ஆளுகிட்ட, முதல் வரியிலயே சாவு வார புத்தகத்தை நீட்டப் பாக்கேன். இந்தாங்க, எடுத்துட்டேன். வேண்டாம், நீங்க வாங்காதீங்க. சீட்டுக்கு அடியில வெச்சிருதேன். கல்யாணத்துல அவங்க வெச்சாங்களே, அது மாதிரிதான். யாராவது எடுத்தா எடுக்கட்டும், கண்டக்டர் கூட்டித் தள்ளுனாத் தள்ளட்டும். இடுப்பு லேசாயிட்டு. பயமாவும் இருக்கு.

கோவில்பட்டிக்கு இன்னும் இருபது நிமிஷம் கெடக்கு தம்பி. நான் போயி என் பொண்ணுகிட்டக் கேக்கணும், அன்னைக்கு நீ என்னம்மா சொல்ல வந்தன்னு. கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு உக்காரணும். அவ சொன்னாலும் சரி, சொல்லாட்டாலும் சரி, எந்திரிக்கக் கூடாது. எனக்குப் பழக்கம் இல்ல. உங்ககிட்டதான் முதல்ல பழகிக்கிடணும்.

கவரைப் பிரிங்க. அம்மா பேரு என்ன? எப்ப இருந்து முடியல? முதல்ல இருந்து சொல்லுங்க, அவசரப்படாம. நடுவுல நான் எதையாவது சொல்ல வாயெடுத்தேன்னா என் கையில ஒரு தட்டு தட்டுங்க.

சொல்லுங்க தம்பி.